பி.எம்.ஐ. 32: செட்டிநாட்டில் பலகாரத் தொழில் செய்யும் பெண்மணி ஒருவரின் உடல் பருமன் சிகிச்சை – நிகழ்வு ஆய்வு

காரைக்குடிக்கு அருகே ஓர் ஊரில், பூர்வீக வீட்டின் ஒரு பங்கில் குடியிருக்கும் 47 வயதுப் பெண்மணி, இரண்டு முழங்கால்களிலும் வலி என்று எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். திருமணங்களுக்கும் சீர்வரிசைகளுக்கும் பலகாரம் செய்து கொடுப்பது அவருடைய தொழில். மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் என முகூர்த்த மாதங்களில் விடிவதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்தால் பிற்பகல் வரை நின்றபடியே வேலை இருக்கும். எடையைப் பற்றி அவராக எதுவும் சொல்லவில்லை. நாங்கள் கேட்டபோது, "அது கிடக்கட்டும் டாக்டர், கால் வலிக்கு மட்டும் ஏதாவது குடுங்க" என்றார். அவருடைய ஒப்புதலைப் பெற்று, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ., ஒரு மருத்துவருக்கு எதுவரை வழிகாட்டும், எந்த இடத்துக்குப் பிறகு வேறு அளவுகளையும் நோயாளியின் அன்றாடத்தையும் பார்த்தே சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும் என்பது இவரிடம் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

வரலாறு

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவருடைய எடை படிப்படியாக ஏறியிருக்கிறது. அவருடைய தாயாருக்கு நீரிழிவு உண்டு. இவருக்கு நீரிழிவு கண்டறியப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று முதல் கிளிமிபிரைடு 2 மி.கி. மாத்திரையும் குறைந்த அளவில் மெட்ஃபார்மினும் எடுத்து வந்தார். அந்த இரண்டு ஆண்டுகளில் மட்டும் நான்கு கிலோ கூடியிருந்தது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. சர்க்கரையை நன்றாகக் குறைக்கும் என்றாலும் எடையைக் கூட்டக்கூடியது, சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் தாழ்சர்க்கரையையும் உண்டாக்கும். பதினொரு மணி வாக்கில் கை நடுங்கி வேர்க்கும், அப்போது கையில் கிடைக்கும் பலகாரத்தை வாயில் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று அவர் சொன்னார். அதைக் களைப்பு என்றே அவர் நினைத்திருந்தார். எடையைப் பற்றிய விசாரணையில் மருந்துச் சீட்டை முதலில் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

குறட்டையைப் பற்றி மகள்தான் சொன்னார். "ஆத்தாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்னு நின்னு வருது" என்ற அந்த ஒரு வாக்கியம் தூக்க மூச்சுத்தடைப் பரிசோதனைக்குப் போதுமான காரணமாக இருந்தது. மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு கலந்த பொடி எதையும் அவர் சாப்பிடவில்லை. தைராய்டு அளவு இயல்பாக இருந்தது. கார்ட்டிசால் இயக்குநீர் மிகையால் வரும் குஷிங் நோய்க்குரிய ஊதா நிற வரிகளோ, எளிதில் கன்றிப்போகும் தோலோ, தொடைத் தசை நலிவோ இல்லை. சோற்றை அறவே நிறுத்துவதும், யாரோ விற்ற மாவைக் கரைத்துக் குடிப்பதும் என ஏற்கெனவே சில முறை முயன்று, இறங்கிய எடை அத்தனையும் திரும்ப வந்திருந்தது. அதைச் சொல்லும்போது அவர் தலைகுனிந்துகொண்டார். உடல் பருமன் என்பது மரபணு, இயக்குநீர்கள், மூளையின் பசிக் கட்டுப்பாடு, தூக்கம், மருந்து, உணவுச் சூழல் அனைத்தும் சேர்ந்து உண்டாக்கும் நாட்பட்ட நோய். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை மருந்து எழுதுவதற்கு முன்பே சொல்ல வேண்டியிருந்தது.

அளவீடுகள்

எடை 74 கிலோ, உயரம் 152 செ.மீ. கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், 74 ÷ (1.52 × 1.52), பி.எம்.ஐ. 32.0 என்று வரும். அவர் கொண்டுவந்த பழைய சீட்டு ஒன்றில் உயரம் 157 செ.மீ. என்றும் பி.எம்.ஐ. 30 என்றும் இருந்தது. உயரத்தை அளக்காமல் வாய்வழியாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். வகுக்கும் எண் உயரத்தின் வர்க்கம் என்பதால் ஐந்து செ.மீ. பிழை இரண்டு அலகுகளை விழுங்கிவிடுகிறது. செருப்பைக் கழற்றி, கொண்டையைத் தளர்த்தி, குதிகால் சுவரைத் தொட நிற்க வைத்து அளக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இந்தக் கணக்கைப் பெல்ஜிய நாட்டு அறிஞர் அடால்ஃப் கெட்லே 19ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகையின் சராசரி உடலமைப்பை அறிவதற்காக வகுத்தார். அதற்கு இன்று வழங்கும் பெயரை 1972இல் வைத்தவர் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ். தனி ஒரு மனிதரின் நோயைக் கண்டறியும் கருவியாக அது உருவாக்கப்படவில்லை. கொழுப்பையும் தசையையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது, கொழுப்பு உடலில் எங்கே சேர்ந்திருக்கிறது என்றும் அது சொல்லாது. உலக அளவில் 25க்கு மேல் மிகை எடை, 30க்கு மேல் உடல் பருமன் என்பது வழக்கு. இந்தியர்களுக்குக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே நீரிழிவும் இதய நோயும் வருவதால், இந்திய வல்லுநர்கள் கூடி 2009இல் வெளியிட்ட அறிக்கையில், 23இலிருந்து மிகை எடை, 25இலிருந்து உடல் பருமன் என்று வரையறுத்தார்கள். இடுப்புச் சுற்றளவுக்குரிய எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.

இவருடைய இடுப்புச் சுற்றளவு 101 செ.மீ. இந்த அளவு பல இடங்களில் எடுக்கப்படுவதே இல்லை, எடுத்தாலும் புடவைக் கொசுவத்தின் மேலேயே நாடாவைச் சுற்றிவிடுகிறார்கள். பாவாடை நாடா அழுந்திய தழும்பு இருக்கும் இடத்தையே இடுப்பு என்று நோயாளியும் காட்டுகிறார். அளக்க வேண்டிய இடம் அதற்கு மேலே, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் உள்ளது. திரைக்குப் பின்னால் செவிலியர் ஒருவர், இயல்பாக மூச்சை விட்ட நிலையில், துணிக்கு உள்ளே நாடாவைத் தோலோடு ஒட்டப் பிடித்து அளந்தார். இடுப்புச் சுற்றளவு, உயரத்தில் பாதிக்குள் (0.5) இருப்பது நல்லது. இவருக்கு அது 0.66 ஆக இருந்தது.

பிற முடிவுகள்: இரத்த அழுத்தம் 146/92, மூன்று மாதச் சர்க்கரை சராசரியான எச்பிஏ1சி 7.4, டிரைகிளிசரைடு 212, நல்ல கொழுப்பு 38, கல்லீரல் நொதியான ஏஎல்டி 58, ஸ்கேனில் இரண்டாம் நிலைக் கொழுப்புக் கல்லீரல், பித்தப்பையில் கல் இல்லை. வீட்டிலேயே செய்த தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 19 முறை மூச்சுத் தடைப்பட்டது; இது மிதமான தூக்க மூச்சுத்தடை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 30 விநாடிகளில் எழுந்து உட்காரும் சோதனையில் அவரால் 7 முறைதான் எழ முடிந்தது. எடை மிகுந்தவருக்குத் தசையும் மிகுந்திருக்கும் என்று எண்ணுவது தவறு.

2025 ஜனவரியில், லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழ் ஒன்று அமைத்த வல்லுநர் குழு, உடல் பருமனைப் பி.எம்.ஐ. எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், இடுப்பளவு போன்ற இன்னொரு அளவாலும் உறுதிசெய்து, உறுப்புகளின் செயல்பாட்டைப் பாதித்துவிட்ட நிலை, இன்னும் பாதிக்காத நிலை என இரண்டாகப் பிரிக்கப் பரிந்துரைத்தது. அந்தப் பிரிவில் பார்த்தால் இவருடைய மூச்சும் முழங்காலும் கல்லீரலும் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தன. சிகிச்சையைத் தள்ளிப்போட இடமில்லை என்பதை 32 என்ற எண்ணைவிட இந்தப் பட்டியல்தான் எங்களுக்குச் சொன்னது.

கணவரின் அளவுகள்

மனைவியை அழைத்து வந்த கணவருக்கு வயது 53, ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். "எனக்கென்ன டாக்டர், நான் ஒல்லிதானே" என்றவரையும் நாடாவின் முன் நிற்க வைத்தோம். உயரம் 168, எடை 66, பி.எம்.ஐ. 23.4, உலக அளவுகோலில் இது முற்றிலும் இயல்பு. இடுப்போ 97 செ.மீ. எச்பிஏ1சி 6.9 வந்தது, அன்றுவரை தமக்கு நீரிழிவு இருப்பதே அவருக்குத் தெரியாது. பிறகு செய்த மறுபரிசோதனையும் அதை உறுதிசெய்தது.

இதை விளக்க நான் எப்போதும் நினைவுகூர்வது 2004இல் லான்செட்டில் வெளிவந்த ஒரு சிறு கட்டுரையை. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் அதில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. மெலிந்த கையும் காலும் முன்தள்ளிய வயிறுமாக நம்மூர்க் கடைவீதியில் நடந்து போகும் எத்தனையோ பேரின் நிலை அந்த ஒரு படத்தில் இருக்கிறது. மனைவியிடம் நோயின் ஒரு பகுதியை மட்டும் காட்டிய அதே எண், கணவரிடம் நோயை முழுவதுமாக மறைத்துவிட்டது.

கலோரி எங்கிருந்து வந்தது

"நான் சாப்பிடறதே கம்மி. உக்காந்து சாப்பிட எனக்கு நேரம் ஏது?" என்று அவர் சொன்னதை நாங்கள் நம்பினோம். காலையில் இரண்டு இட்லி, மதியம் தாமதமாகச் சோறு, இரவில் மீதமிருந்தால் இடியாப்பம். எழுதிக் கொடுத்த உணவுக் குறிப்பில் 74 கிலோவுக்கான கணக்கு வரவில்லை. எங்கள் உணவியல் ஆலோசகர் வேறொரு வழி செய்தார். ஒவ்வோர் ஈடும் சல்லிக்கரண்டியில் வெந்து ஏறியதும் உப்பும் மொறுமொறுப்பும் பார்க்க ஒரு துண்டு வாயில் போடுவது அவருடைய பழக்கம். மாவைப் பிசையும்போதும் பாகு பதம் பார்க்கும்போதும் அப்படியே. அந்தத் துண்டுகளை வாயில் போடாமல் ஒரு கிண்ணத்தில் போட்டு வைக்குமாறும், அன்று ஒரு நாள் மட்டும் ருசி பார்ப்பதை மகளிடம் விடுமாறும் கேட்டுக்கொண்டார். மாலையில் பலகாரம் நிறுக்கும் தராசிலேயே நிறுத்தபோது கிண்ணத்தில் 140 கிராம் இருந்தது. எண்ணெயில் பொரித்த முறுக்கு வகைகள் 100 கிராமுக்குச் சுமார் 500 கலோரி தருபவை என்பதால், அது ஏறத்தாழ 700 கலோரி. தாம் சாப்பாடாகவே கருதாத ஒன்று ஒரு முழு வேளைச் சாப்பாட்டைவிட அதிகமாக இருந்ததை அவரே தம் தராசில் பார்த்தார். யாரும் அவரை எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு ருசி பார்க்கும் பொறுப்பு மகளுக்கும் உதவிக்கு வரும் இரு பெண்களுக்கும் முறைவைத்துப் பகிரப்பட்டது. முதல் ஈடு, கடைசி ஈடு என இரண்டுக்கு மட்டும் அவர் தாமே பதம் பார்ப்பார். விடியற்காலை வேலைக்கு முன் அவித்த முட்டையோ சுண்டலோ சாப்பிடுவது வழக்கமானது. மதியச் சோறு பாதியாகி, தட்டில் பாதியைக் காயும் கீரையும் நிரப்பின. கழுநீரில் செய்யும் வெண்டைக்காய் மண்டியை எண்ணெயைக் குறைத்து அப்படியே தொடரச் சொன்னோம். கோழி, மீன், பயறு ஆகியவற்றால் புரதத்தைக் கூட்டினோம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரிக்கு மேல் இருப்பதால் வீட்டுச் சமையல் எண்ணெயைத் தொழில் எண்ணெயிலிருந்து தனியாகப் பிரித்து, மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்து வைத்தார்கள். மொத்தத்தில் அன்றாடத் தேவையைவிடச் சுமார் 500 கலோரி குறைவு என்பதே இலக்கு.

கருப்புக் கவுனி அரிசியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சர்க்கரைக்கும் எடைக்கும் மருந்து என்று சொல்லி அதை மூட்டை மூட்டையாக வாங்குகிறார்கள். நார்ச்சத்தும் நிறமிகளும் உள்ள நல்ல தானியம்தான். ஆயினும் கலோரியில் வெள்ளை அரிசிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை, செட்டிநாட்டு விருந்தில் அது இலைக்கு வருவதோ சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்ந்த இனிப்பாக. விசேஷ நாளில் இரண்டு கரண்டி உண்பதை நான் தடுப்பதில்லை. மருந்து என்று நினைத்து நாள்தோறும் உண்பதைத்தான் தடுக்கிறேன்.

முழங்கால் வலியோடு தெருவில் நடக்கச் சொல்வதில் பயனில்லை. தொடையின் முன்தசைக்கான பயிற்சிகளையும் நாற்காலிப் பயிற்சியையும் முதலில் தொடங்கினோம். சாப்பிட்ட பின் வீட்டுக்குள்ளேயே, முகப்பிலிருந்து வளவைக் கடந்து பின்கட்டு வரை, பத்து நிமிடம் நடந்தார். ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் கொல்லையுமாக நீளும் வீடுகளில் அதற்கு இடம் தாராளம்.

மருந்துகளும் அறுவையும்

முதல் வருகையிலேயே கிளிமிபிரைடை நிறுத்தி, மெட்ஃபார்மினைப் படிப்படியாக முழு அளவுக்கு உயர்த்தி, எடையைக் கூட்டாத சிட்டாகிளிப்டினைச் சேர்த்தோம். எடையையும் சற்றுக் குறைக்கும் டபாகிளிஃப்ளோசின் இயல்பான தேர்வாக இருந்திருக்கும். ஆனால் அது சிறுநீர் வழியாகச் சர்க்கரையையும் நீரையும் வெளியேற்றும் மருந்து. மணிக்கணக்கில் எண்ணெய்ச் சட்டியின் முன் வியர்த்து நிற்பவருக்கு நீரிழப்பு ஏற்படும் என்பதால் தவிர்த்தோம். இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 மி.கி. தூக்க மூச்சுத்தடைக்கு, காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி; முகமூடி பழகச் சில வாரங்கள் பிடித்தன, பழகிய பின் பகல் தூக்கக் கலக்கம் போய்விட்டது. பதினொரு மணி நடுக்கமும் அதற்காக உண்ட பலகாரமும் மருந்தை மாற்றியவுடன் நின்றன.

ஆறு மாதங்களில் எடை 69.8 கிலோ, பி.எம்.ஐ. 30.2, எச்பிஏ1சி 6.8. இது 5.7 விழுக்காடு எடைக் குறைவு, நல்ல பலன். எனினும் அதன் பிறகு எடை நின்றுவிட்டது. எடை இறங்கும்போது உடல் தன் செலவைக் குறைத்துப் பசியைக் கூட்டிக்கொள்வது உடலியல் இயல்பு. இந்த இடத்தில் நோயாளியைக் கடிந்துகொள்வது அநியாயம். அடுத்த வழிகளை அவரும் கணவரும் மகளும் உடனிருக்க விரிவாகப் பேசினோம்.

ஆர்லிஸ்டாட் உணவுக் கொழுப்பு செரிப்பதைத் தடுக்கும் மாத்திரை. பலன் குறைவு, கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் எண்ணெய்க் கழிச்சல் வரும். நாள் முழுவதும் அடுப்படியில் நிற்பவருக்கு அதை எழுத எனக்கு மனமில்லை.

அறுவை சிகிச்சையைப் பற்றி நிறையப் பேசினோம். இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றிக் குழல்போல் சுருக்கும் ஸ்லீவ் முறை, இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் முறை ஆகிய இரண்டும் லேப்ராஸ்கோப் வழியாகச் செய்யப்படுபவை. நீடித்த எடைக் குறைப்பில் இவற்றுக்கு நீண்ட காலச் சான்று உண்டு. நீரிழிவு போன்ற இணைநோய் இருந்தால் 32.5க்கு மேல், இல்லாவிட்டால் 37.5க்கு மேல் என்பது இந்தியாவில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட எல்லை. 2022இல் அமெரிக்க அமைப்பு ஒன்றும் பன்னாட்டு அமைப்பு ஒன்றும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு 27.5க்கு மேலேயே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்றது. முதல் நாளில் 32.0 என்றிருந்த இவர் பழைய கோட்டுக்கு அரை அலகு கீழே, புதிய கோட்டுக்கு வெகு மேலே. கோடுகள் இப்படி நகரும்போது அவற்றை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவு சொல்ல முடியாது. அறுவைக்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் பி12, இரும்பு, கால்சியம் எடுத்துக் கண்காணிப்பில் இருக்க வேண்டியதையும் சொன்னோம். "கத்தி வைக்கிற அளவுக்கு என்ன ஆயிருச்சு?" என்று மாமியார் கேட்டதாகச் சொல்லி அவர் சிரித்தார், அடுத்த முகூர்த்த மாதங்களுக்கு வாங்கிய முன்பணமும் அவர் மனத்தில் இருந்தது. சர்க்கரையும் மூச்சும் கட்டுக்கு வராமல் போனால் இந்தப் பேச்சை மீண்டும் எடுப்பேன் என்று சொல்லி வைத்தேன்.

எஞ்சியவை வாரம் ஒருமுறை போடும் ஊசிகள். செமாகுளூடைடு, குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற இயக்குநீரைப்போல் செயல்படுவது. டிர்செபடைடு அதோடு ஜிஐபி என்ற இன்னொன்றையும் சேர்த்துத் தூண்டுவது. பசியைத் தணித்து, இரைப்பை காலியாவதை மெதுவாக்குகின்றன. 2021இல் வெளிவந்த ஸ்டெப்-1 ஆய்வில் செமாகுளூடைடு 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடையைக் குறைத்தது. இணையத்தில் அனைவரும் மேற்கோள் காட்டும் இந்த எண் நீரிழிவு இல்லாதவர்களுக்குரியது. நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்த ஸ்டெப்-2இல் அது 9.6 விழுக்காடு; டிர்செபடைடுக்கான சர்மவுண்ட்-2இல் உயர்ந்த அளவில் 14.7 விழுக்காடு. எங்கள் நோயாளிக்குச் சொல்ல வேண்டிய எண்கள் இவைதான். மருந்தை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஸ்டெப்-1இன் தொடர் ஆய்வு காட்டியதையும் மறைக்காமல் சொன்னோம். டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகமானபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய். வாரத்துக்கு ஒரு குப்பி. ஒரு குடும்பம் இதை எத்தனை மாதம் தாங்கும் என்பதைத் தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுவது மருத்துவரின் கடமை என்று நான் கருதுகிறேன்.

டிர்செபடைடு என்று முடிவாயிற்று. அதற்குத் தடையாகக்கூடிய மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இல்லை, கணைய அழற்சி வந்ததில்லை. சர்க்கரை விரைவாக இறங்கினால் சிலருக்கு விழித்திரைப் பாதிப்பு மோசமாகலாம் என்பதால் கண் பரிசோதனை முடித்தே தொடங்கினோம். சிட்டாகிளிப்டினை நிறுத்தி, டிர்செபடைடு 2.5 மி.கி. நான்கு வாரம், பின் 5 மி.கி. இரண்டாம் மாதத்தில் உறவினர் வீட்டில் முன்னோருக்குப் படையலிடும் படைப்பில் விருந்து சாப்பிட்டுவிட்டு இரவு முழுவதும் வாந்தி. மறுநாள் பயந்துபோய் வந்தார். பசி இல்லாத வயிற்றில் மரியாதைக்காகப் போட்டதையெல்லாம் உண்டதால் வந்தது அது. அளவை உயர்த்தாமல் 5 மி.கி.யிலேயே நிறுத்தினோம். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் நார்ச்சத்தும் கூட்டினோம். கொழுப்போடு தசையும் கரையக்கூடும் என்பதால் புரதத்தையும் நாற்காலிப் பயிற்சியையும் ஒவ்வொரு வருகையிலும் கேட்டறிந்தோம்.

ஊசி தொடங்கிய ஒன்பதாம் மாத நிலை: எடை 63.4 கிலோ, பி.எம்.ஐ. 27.4, இடுப்பு 88 செ.மீ., இரத்த அழுத்தம் 126/80, எச்பிஏ1சி 6.0, ஏஎல்டி 29, நாற்காலியிலிருந்து 30 விநாடிகளில் 13 முறை. மூச்சுத்தடை மணிக்கு 8 முறையாகக் குறைந்தது. சிபாப் இன்னும் தேவையா என்பதை அடுத்த பரிசோதனைக்குப் பிறகு முடிவு செய்ய உள்ளோம். முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கி வெகுநாளாயிற்று. இந்திய அளவுகோலின்படி அவர் இன்றும் உடல் பருமன் உள்ளவர்தான். 25க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று அவரை நாங்கள் நெருக்கவில்லை. கணவர் மெட்ஃபார்மினோடு உணவையும் நடையையும் தொடர்கிறார். அவருடைய இடுப்பு 91க்கு வந்திருக்கிறது, எடை மூன்று கிலோதான் குறைந்தது.

23 வயது மகளுக்குப் பி.எம்.ஐ. 26, எச்பிஏ1சி 5.9, அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றம் மட்டுமே நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தது. மெட்ஃபார்மினின் பலனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆகவே மகளுக்கு ஊசியோ மாத்திரையோ எழுதவில்லை. ருசி பார்க்கும் முறையில் அவருடைய பங்கும் இப்போது குறைக்கப்பட்டிருக்கிறது. உதவிக்கு வரும் பெண்களையும் இடுப்பளவும் சர்க்கரையும் பார்க்க அழைத்து வருமாறு கேட்டிருக்கிறோம்.